பகலுக்குப் பகல்

முப்புடாதி வேலைக்குத் திரும்பலாமா வேண்டாமா என்ற விஷயத்தில், முப்புடாதியைத் தவிர ஊரில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பால்காரர் வேண்டாம் என்றார். எதிர்வீட்டு டெய்லர், போகட்டும், ஆனால் பிள்ளைக்கு மூன்று வயது முடியட்டும் என்றார். மூத்த மகளின் பிரசவத்துக்கென்று பம்பாய்க்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட மாமியார், தினமும் சாயங்காலம் சுவர்த்திரையில் வந்து, "நான் ஒண்ணும் சொல்லல தாயி, உன் இஷ்டம்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னார்.

புருசன் நயினார் மட்டும் வாயே திறக்கவில்லை. வாயைத் திறக்காததும் ஒரு பதில்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கயத்தாறுக்கு மேற்கே நிற்கிற காற்றாலைகளில் அவளுக்கு வேலை. ஊர்க்காரர்கள் அதைக் காத்தாடி என்பார்கள். கோபுரத்துக்குள் இருக்கும் ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் சின்ன அறைக்குள் நுழைந்து, பல்சக்கரப் பெட்டியைத் திறந்து பழுது பார்க்க வேண்டும். வயிற்றில் பிள்ளை ஐந்து மாதம் ஆகும்வரை ஏறியவள் அவள். இப்போது பிள்ளைக்கு எட்டு மாதம். இளவேணி என்று பெயர், பாப்பா என்று கூப்பாடு. லீவு முடிந்துவிட்டது.

முன்பெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும். பிள்ளை பார்க்கும் மெஷினாக 'மடி' வந்த பிறகு அந்த ஆட்களெல்லாம் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். தெருமுனையில் குழந்தைகள் காப்பகம் இருந்த இடத்தில் இப்போது டயர் விற்கிறார்கள். ஆகவே, வீட்டிலேயே இரு, இல்லையென்றால் மடியைக் கூட்டிக்கொள். மூன்றாவது வழி என்று ஒன்று இல்லை.

மேனேஜர் குருநாதன் மடியை வேனில் ஏற்றிக்கொண்டு தானே நேரில் வந்தார். நல்ல மனுசர்தான். சிரிக்காமல் பேச அவருக்குத் தெரியாது.

மடிக்கு முகம் கிடையாது. ஆள் உயரத்துக்குப் பருத்தித் துணி போர்த்திய உடம்பு, நீளமான இரண்டு கைகள். உட்கார்ந்தால் அகலமாக ஒரு மடி. தொட்டால் மனுச உடம்பின் சூடு. பாப்பாவைத் தூக்கி அதில் போட்டதும், அழும் என்று காத்திருந்த முப்புடாதிக்கு ஏமாற்றம்தான். கழுதை, கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு சிரித்தது.

"எவ்வளவு சார்?" என்று கேட்டாள்.

"ஒத்தைப் பைசா வேண்டாம்மா."

"சும்மா எவன் சார் குடுப்பான்?"

"நம்ம ஆலையில வேலை பாக்குற அம்மாக்களுக்கு ஏற்பாடு. மடி கம்பெனியோட பேசி வெச்சிருக்கோம்." பையிலிருந்து ஒரு துணிப்பட்டையை எடுத்தார். நெற்றியில் கட்டுகிற அகலம். "சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இதைக் கட்டிக்கிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுங்க. பகல் பூரா மடி பிள்ளையோட இருந்தது அப்படியே உங்க தலைக்குள்ள வந்துரும். படம் பாக்குற மாதிரி இல்லம்மா. நீங்களே இருந்த மாதிரி. சோறு ஊட்டினது, தூங்க வெச்சது, இடுப்புல தூக்கிக்கிட்டு நின்னது எல்லாம். நீங்க பிள்ளையை விட்டுப் போனதாவே உங்களுக்குத் தோணாது."

"அப்ப நான் ஆலையில இருந்த பகல்?"

"அது போயிரும். தலைக்குள்ள ஒரு பகலுக்கு ஒரு பகல்தான் இடம். அன்னன்னைக்கு உள்ளது அன்னன்னைக்கு ராத்திரி தூக்கத்துலதான் பதியுமாம். அதுக்கு முன்னால மாத்திரணும்." குருநாதன் சிரித்தார். "போனா போகுது, விடுங்கம்மா. நான்லாம் ஆபீசை மறக்கணும்னு தவம் கிடக்கேன்."

ஒரு நாள் பார்த்துவிடுவோம் என்று முப்புடாதி சம்மதித்தாள்.

அந்த ஒரு நாளின் சாயங்காலம் கட்டிலில் படுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டாள். பொய் சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது. ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காயைப் பார்த்து பாப்பா கையை நீட்டி நீட்டிச் சிரித்த சிரிப்பு, பருப்புச்சோற்றை அவள் முகத்திலேயே துப்பியது, தூங்கிப்போன பிறகும் அவள் விரலை விடாமல் பிடித்திருந்த பிடி, எல்லாம் அவளுக்கே நடந்ததாக வந்து சேர்ந்தது. எழுந்து உட்கார்ந்து, "இன்னைக்கு நாள் பூரா வீட்டுலதானே இருந்தேன்" என்று நினைத்துக்கொண்டு கையைப் பார்த்தாள்.

உள்ளங்கை ரேகையெல்லாம் கிரீஸ். வலது கை நடுவிரலில் நகம் பாதி பெயர்ந்திருந்தது. தொண்டை கட்டியிருந்தது, யாரிடமோ சத்தமாகப் பேசியிருக்கிறாள், இல்லை சிரித்திருக்கிறாள்.

பஸ் டிப்போ வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த நயினாரிடம் கேட்டாள்: "அத்தான், நான் இன்னைக்கு எந்தக் காத்தாடியில ஏறினேன்?"

"நல்லாக் கேட்டே. எனக்கு எப்படித் தெரியும்?"

பெயர்ந்த நகம் வலித்தது. எதற்காகப் பெயர்ந்தது என்று தெரியாத வலி அது.

மறுநாள் காலையில் ஆலை முற்றத்தில் ஜீப்பிலிருந்து இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். குருநாதன் ஓடி வந்தார். "நேத்து போட்டீங்கள்லம்மா ஒரு போடு! பதினேழாம் நம்பர் எத்தனை நாளா மொரண்டு பிடிச்சிட்டு நின்னுது! நீங்க ஏறின அன்னைக்கே சுத்த வெச்சிட்டீங்க."

தெற்கே பதினேழாம் நம்பர் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. முப்புடாதி அதை அண்ணாந்து பார்த்தாள். யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"எப்படி சார் சரி பண்ணினேன்?"

"அதை நீங்கல்லா சொல்லணும்!" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைக் குறைத்தார். "பட்டை கட்டிட்டீங்களா? அப்ப அது மடி கம்பெனிகிட்ட இருக்கும்."

"என் பகல் அவங்களுக்கு எதுக்கு?"

"அதுதானம்மா கட்டணம்." இதில் என்ன மறைக்க இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார். "காத்தாடியில ஏறி வேலை பாக்குறதுக்கு அவங்க ஒரு மெஷின் செய்யுதாங்க. அதுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும்ல? உங்களை மாதிரி ஆளுங்களோட பகலை எல்லாம் சேர்த்து அதுக்குள்ள போடுதாங்க. நீங்க பாத்த மாதிரியே அது பாக்கும்."

"நான் பாத்த மாதிரியே அது பாத்தா, பிறகு நான் எதுக்கு சார்?"

"அதுக்கெல்லாம் இன்னும் காலம் கிடக்கும்மா" என்றார் குருநாதன். அவருக்கு எல்லாவற்றுக்கும் காலம் கிடக்கும்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "ஏட்டி புடாதி! லீவு முடிஞ்சிட்டா? எப்ப வந்தே?"

ஜெபமணி அக்கா. முப்புடாதியை முதன்முதலில் உச்சிக்குக் கூட்டிப்போனவள். ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஜீப் டிரைவர் பால்ராஜ் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நேத்தும் இதே இடத்துல இதே மாதிரிதான் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சிய" என்றார்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் நினைவில்லை. ஜெபமணிதான் முதலில் சிரித்தாள்.

"நானும் பட்டை கட்டுதேம்லா. நீ லீவுல போன பிறகு ஆரம்பிச்சது, ஒரு வருசமாச்சு. எங்க ஆசீர் முத அடி வெச்சது, முத வார்த்தை பேசினது, எல்லாம் என் கண்ணுக்குள்ள நிக்கி. ஒண்ணைக்கூட விடல பாத்துக்கோ."

"வேலைக்கா?"

"கைக்குத் தெரியும். பழைய மாடலா இருந்தா ஏறிப் போய்ப் பாத்திருவேன். புது மாடலை தினம் காலையில பால்ராஜ் அண்ணன் முதல்லருந்து சொல்லுவாராம். தினமும் ஆச்சரியப்படுவேனாம்." சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. "இந்தா பாத்தியா? ஒரு நாள் பட்டையைக் கழத்திட்டுப் பாக்கேன், கையில தையல் போட்டிருக்கு. எப்படிப் பட்டுதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. லீவு நாள்ல பாத்துக் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதானுவ."

"கஷ்டமா இல்லியா அக்கா?"

ஜெபமணி சட்டைக் கையை இறக்கிவிட்டாள். "நான் வேலைக்குப் போறதாவே எனக்குத் தோணல. வீட்டுல பிள்ளையோட இருக்கேன். மாசம் ஆனா யாரோ சம்பளம் போடுதாங்க. அம்புட்டுதான். உனக்குப் பிறகு வந்தவனெல்லாம் சூப்பர்வைசர் ஆயிட்டான், தெரியுமா? ராத்திரி போன் போட்டு எனக்கு ஏன் குடுக்கலன்னு கேட்டேன். நீ இந்த ஒரு வருசத்துல புதுசா என்ன கத்துக்கிட்டேன்னு திருப்பிக் கேட்டாங்க. என்ன சொல்ல?"

முப்புடாதிக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. பாவி மக்கா, ஒரு பொம்பளையின் கையில் தழும்பை விட்டுவிட்டு அது வந்த கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பட்டையை ஆணியில் மாட்டினாள். தலையில் மாட்டவில்லை. நயினார் அதைப் பார்த்தார். அந்த விஷயத்தில் அன்றுதான் வாயைத் திறந்தார்.

"நான் சொல்லுதேன்னு தப்பா நினைக்காத புடாதி. பிள்ளையைப் பாக்க மடி. மடிக்குக் கூலி உன் பகல். அங்க சம்பாதிக்கிறதை இங்க குடுக்கணும்னா, பேசாம நீ வீட்டுலயே இருந்திரலாம்லா? வரவும் செலவும் சரியாப் போற வேலை எதுக்கு?"

"ஏன் அத்தான், பிள்ளை எனக்கு மட்டுமா பிறந்துது?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"அப்படித்தான் சொல்லுதீய. மடிக்குக் குடுக்கணும்னு வந்த உடனே என் பகல்லருந்து கழிக்கீய. உங்க பகல்லருந்து ஏன் கழிக்கல? இந்தப் பட்டை உங்க நெத்திக்கும் சேரும். நீங்க கட்டுங்க."

நயினார் பட்டையைப் பார்த்தார். மின்பஸ் டிப்போவில் மோட்டார் பிரிவில் அவருக்கு வேலை. பெரிய மெக்கானிக் என்று பெயர் எடுத்துக்கொண்டிருந்த நேரம். "நான் எப்படிட்டி? டிப்போல நேத்து எந்த வண்டியைப் பிரிச்சேன்னு மறந்து போச்சுன்னா மறுநாள் அங்க எனக்கு என்ன மரியாதை இருக்கும்? புதுசு புதுசா வண்டி வருது. ஒண்ணும் கத்துக்கிடாம, நின்ன இடத்துலயே..."

பாதியில் நிறுத்தினார். அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

பாப்பா மடியின் துணிக்கையைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் நயினாரே அவளுடன் ஆலைக்கு வந்தார். குருநாதனிடம் போய், "வாரத்துல பாதி நாள் என் பகலை எடுத்துக்கிடுங்க சார்" என்றார். முப்புடாதியே எதிர்பார்க்கவில்லை.

குருநாதன் நெளிந்தார். "பஸ் டிப்போப் பகலை வெச்சு அவங்க என்ன செய்வாங்க? அவங்களுக்குக் காத்தாடிதான் வேணும். பட்டை வேண்டாம்னா காசு கட்டலாம். ஆனா அது கிட்டத்தட்ட இவங்க சம்பளம் பூரா ஆயிருமே. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். மாசம் பூரா ஏறி இறங்கிட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போவீங்களா?"

"போவேன்" என்றாள் முப்புடாதி. "சம்பளம் போனா போகட்டும் சார். பகலைத் தர மாட்டேன். பதினேழாம் நம்பரை எப்படிச் சரி பண்ணினேன்னு எனக்கே தெரியல. இனிமே ஒரு நம்பரையும் அப்படி விட்டுக்குடுக்கிறதா இல்ல."

இரண்டு பேரும் பைக்கில் வீட்டுக்குத் திரும்பினார்கள். சோளக்காட்டுத் திருப்பத்தில் நயினார் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அப்ப உன் சம்பளம் பூரா மடிக்கு."

"என் சம்பளம்னு ஏன் சொல்லுதீய? பாதி உங்க சம்பளத்துல, பாதி என் சம்பளத்துல."

பைக் கொஞ்ச தூரம் போனது.

"அப்படிப் பாத்தா உன் கையில பாதி மிஞ்சும்லா?"

"மிஞ்சும்."

"பிறகு எல்லாரும் ஒண்ணும் மிஞ்சாது, ஒண்ணும் மிஞ்சாதுன்னு ஏன் சொன்னோம்?"

"முழுசையும் என் பேர்ல எழுதிட்டுக் கூட்டிப் பாத்தியள்லா, அதனாலதான்."

நயினார் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "சரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் 'சரிதான்' வந்ததே பெரிசு.

ஊர் சும்மா இருக்குமா? பட்டை இலவசமாகக் கிடைத்தும் கட்டாமல், காசைக் கொட்டிப் பிள்ளையை மெஷினிடம் விட்டுவிட்டுப் போகிறாளாம். பெத்த பிள்ளையின் நினைப்பை வேண்டாம் என்கிறவள் என்ன தாய்? டெய்லர் அவளுடைய ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டே புத்தி சொன்னார். மாமியார் திரையில் அழுதார். முப்புடாதி எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தாள்: "ஆமா, நான் அப்படித்தான்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு சும்மா இருந்ததா? உச்சி அறையின் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால், கிழக்கே ஊர் தெரியும். ஊருக்கு நடுவே நீலக்கலர் தண்ணீர்த்தொட்டி. அதற்கு அடுத்த தெருவில் அவள் வீடு. பதினொரு மணி வாக்கில் மார் கட்டிக்கொண்டு வலிக்கும். இரண்டு முழங்கைகளையும் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அந்த நீலத்தொட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பாப்பா எழுந்திருக்குமா, குடித்திருக்குமா என்று நினைத்தபடி. வலி அடங்கியதும் உள்ளே போய் ஸ்பேனரை எடுப்பாள். ஜெபமணி அக்கா ஆசீரைப் பெற்ற புதிதில் இதே மாதிரி நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். பிள்ளை பெற்று வந்து ஏறிய எல்லோரும் அங்கே அப்படித்தான் நின்றார்கள்.

பாப்பா முதல் அடி வைத்தது ஒரு புதன்கிழமை. முப்புடாதி அன்று இறக்கையில் படிந்த தூசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மொத்தத்தில் ஒன்றுக்கும் உதவாத பகல். சாயங்காலம் நயினார் வாசலுக்கே ஓடி வந்தார், அவருக்குக் கொஞ்சம் முந்திதான் தெரியும். "மடி சொல்லுது, நாலு அடி நடந்தாளாம்ட்டி!"

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வாய்விட்டுத்தான் அழுதாள். வெளியே வந்தபோது நயினார் ஆணியிலிருந்த பட்டையை எடுத்துக் கையில் வைத்திருந்தார். மடி கம்பெனிக்காரன் அதைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. எப்போதாவது இந்த மாதிரி ஒரு புதன்கிழமை வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஒரு நாள்தானே புடாதி. தூசி கழுவின பகல்தானே. குடுத்துட்டு இதை வாங்கிக்கோ. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

பட்டையைக் கையில் வாங்கினாள். நாலு அடி அதற்குள்தான் இருந்தது. அவளுடைய கைவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்ததாகவே வரும். ஆசை இல்லாமலா? உயிரே போனது.

"வேண்டாம் அத்தான்" என்றாள். "நான் அங்க இல்ல. இருந்தேன்னு எனக்கு நானே பொய் சொல்லிக்கிட மாட்டேன். தூசி கழுவினாலும் அது நான் கழுவின தூசி. நாலு அடி வெச்சவ நாளைக்கு அஞ்சாவது அடி வெக்க மாட்டாளா? அதை நான் பாத்துக்கிடுதேன்."

பட்டை மறுபடி ஆணிக்குப் போனது. ஐந்தாவது அடியை அவள் ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள். பாப்பா அவளை நோக்கி நடந்து, பாதியில் விழுந்து, அவளைத் திட்டுவதுபோல் கத்தியது.

ஆலையில் தினமும் காலையில் ஜெபமணி அதையே கேட்டாள். "ஏட்டி புடாதி! லீவு முடிஞ்சிட்டா? எப்ப வந்தே?" முப்புடாதி தினமும் கட்டிப் பிடித்து, தினமும் அதே பதிலைச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் பட்டையை விட்டுவிடச் சொல்லிப் பார்த்தாள். ஜெபமணி கேட்டுக்கொள்வாள், சில நாள் கண் கலங்குவாள், சரி இன்றைக்குக் கட்ட மாட்டேன் என்றுகூடச் சொல்வாள். சாயங்காலம் வீட்டில் மடி பட்டையை நீட்டும்போது மகனின் பகல் அதில் இருக்கும். எப்படி வேண்டாம் என்பாள்? கட்டியதும், கட்டமாட்டேன் என்று சொன்னதும் சேர்ந்து போய்விடும்.

இப்படியே ஆடி வந்தது. காற்று மும்முரமாக அடிக்கிற நாளில் அந்த மெஷின் வந்து இறங்கியது.

மடி கம்பெனியின் பெரிய ஆட்கள் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். முற்றத்தில் பந்தல் போட்டு, பெரிய திரை வைத்து, ஜூஸ் கொடுத்தார்கள். பெண்களையெல்லாம் ஓரமாக நிற்க வைத்தார்கள். மெஷினுக்கும் முகம் இல்லை. இரண்டு கை, இரண்டு கால், இடுப்பில் ஸ்பேனர் பை. அவர்கள் பையை மாட்டுகிற அதே இடப்பக்கம்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார் குருநாதன். அன்று அவர் சிரிப்பில் கொஞ்சம் சங்கடம் இருந்தது.

மெஷின் பதினேழாம் நம்பர் கோபுரத்தின் கதவருகே போய், அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, கோபுரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறியது. பெண்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாட்டைத் தட்டிக்கொடுத்துப் பேசுகிற மாதிரி கோபுரத்தைத் தட்டிவிட்டு ஏறுவது ஜெபமணி அக்காவின் பழக்கம். அவளிடம் பழகியவர்கள் எல்லோருக்கும் அதே பழக்கம். சென்னைக்காரர்கள் அதைக் கவனிக்கவேயில்லை.

உச்சியில் அது செய்த வேலையைத் திரை காட்டியது. பெட்டியைத் திறந்தது. எண்ணெயைத் தொட்டுப் பார்த்தது. ஒவ்வொரு திருகாணியையும் அவர்கள் திருகுகிற வரிசையிலேயே திருகியது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பந்தலில் கை தட்டினார்கள். முப்புடாதி கை தட்டவில்லை. இத்தனை பிடிவாதமும் இதற்குத்தானா? தான் ஒருத்தி கொடுக்காவிட்டால் என்ன, மற்றவர்களுடையதை வைத்தே முடித்துவிட்டார்களே.

பதினொரு மணி வாக்கில் மெஷின் நின்றது.

ஸ்பேனரைக் கீழே வைத்தது. மேல்மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டியது. இரண்டு முழங்கைகளையும் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கிழக்கே நீலத்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"என்ன ஆச்சு? கோளாறா?" என்றார் சென்னைக்காரர்.

ஒலிபெருக்கியில் குரல் வந்தது. ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று சொல்லும்படி செய்யப்பட்ட குரல்தான். பேச்சு மட்டும் கயத்தாறுப் பேச்சு. "பாப்பா எந்திரிச்சிருப்பாளா? ஆசீருக்கு நேத்து காய்ச்சல் அடிச்சுதே, கஞ்சி குடிச்சானோ என்னவோ."

பெண்கள் வரிசை முழுக்க ஜெபமணி பக்கம் திரும்பியது. எதிர்க்காற்றில் பந்தல் துணி படபடத்தது. மேலே மெஷின் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தது.

கூட வந்த இளம் என்ஜினியர் வியர்க்க வியர்க்க விளக்கம் சொன்னார். "சார், அது அவங்க பகல்ல கலந்திருக்கு. தனியா எடுத்துப் பார்த்தோம். எடுத்தா கை நடுங்குது, எந்தத் திருகை அடுத்து திருகணும்னு தெரியாம நின்னுருது. வேலையும் பிள்ளை நினைப்பும் ஒரே நூல்ல கோத்திருக்கு சார்."

"வேலையை மட்டும்தானே எடுக்கச் சொன்னோம்?"

"வேலையை மட்டும் பார்த்த பகல் ஒண்ணுகூட இல்ல சார்."

சாயங்காலம் இன்னொரு கோபுரத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்று சென்னைப் பெரியவர் உத்தரவிட்டார். அதற்குள் மணி ஐந்து. மெஷின் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் போட்டது. படபடவென்று இறங்கி வந்து பந்தலுக்கு முன்னால் நின்றது.

"அஞ்சாச்சு சார். பிள்ளை தேடும். நாளைக்கு வாறேன்."

சொல்லிவிட்டு ஜீப் நிற்கிற பக்கம் நடந்தது. என்ஜினியர் பொத்தானை அழுத்துகிறார், அழுத்துகிறார், அது நிற்கிறதாக இல்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு பால்ராஜைப் பார்த்து, "எடுங்கண்ணே" என்றது. பால்ராஜ் பழக்கதோஷத்தில் சாவியைத் திருகிவிட்டார்.

முப்புடாதி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மற்ற பெண்களும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். குருநாதன் அன்று சிரிக்கவில்லை.

ஜெபமணியும் சிரிக்கவில்லை. அவள் மெதுவாக ஜீப் அருகே போனாள். சட்டைக் கையைச் சுருட்டி மெஷினிடம் நீட்டினாள்.

"இது எப்படிப் பட்டுது?"

மெஷின் தழும்பைத் தொட்டுப் பார்த்தது. "ஒம்பதாம் நம்பர்ல. புதுப் புள்ள ஒருத்தி முத தடவை ஏறினா. பாதி ஏணியில பயந்து கையை விட்டுட்டா. எட்டிப் பிடிச்சேன், இரும்புத்தகடு கிழிச்சிட்டு. விடல அவளை. மேல கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தேன். ரத்தம் வடியுது, எனக்கு ஒரே சந்தோசம். வீட்டுக்குப் போனதும் ஆசீர் அப்பாகிட்ட சொல்லணும்னு நினைச்சேன்."

ஜெபமணி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு உயிரைப் பிடித்து நிறுத்திய கை. வீட்டில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள், பட்டையைக் கட்டியதில் சொல்லாமலே போயிருக்கிறாள்.

"அது நான்லா" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "ஏட்டி புடாதி, அது நான்தாம்லா."

முப்புடாதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குப் பட்டை கட்டாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. எத்தனை நாள் சொல்லியாயிற்று, என்ன நடந்தது? இதையும் சாயங்காலம் அந்தப் பட்டை கொண்டுபோய்விடும். சென்னை ஆட்கள் சேர்ந்து மெஷினை இறக்கியதும், அதைச் சொல்லாமலே அவளை ஜீப்பில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலையில் முற்றத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மெஷினை அந்த ராத்திரியே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகப் பால்ராஜ் சொன்னார். வேறு யாருடைய பகலையாவது வைத்து மறுபடி செய்வார்கள் என்றும் சொன்னார். செய்யட்டும், அதையும் பார்ப்போம் என்று நினைத்தபடி முப்புடாதி பையை இடப்பக்கம் மாட்டினாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெபமணி அக்கா ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது, ராத்திரி தூங்கினவள் மாதிரி இல்லை. முப்புடாதி வழக்கம்போலக் கட்டிப் பிடித்துக்கொள்ளக் கையை விரித்தாள். லீவு முடிஞ்சுட்டு அக்கா, வந்து ரொம்ப நாளாச்சு என்று சொல்ல வாயையும் திறந்தாள்.

ஜெபமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றாள்.

"ஏட்டி, நேத்து அது ஜீப்புல ஏறி உக்காந்தப்ப என்னா சிரிப்புட்டி சிரிச்சே நீ! தரையில உருண்டியே, வெக்கமா இல்ல?"